93% ‘ஆம்’ விழுந்தும் குர்திஸ்தான் ஏன் தனி நாடாகவில்லை?

கேள்வி: 2017 செப்டம்பர் 25 வாக்கெடுப்பில் வட இராக்கில் குர்துகளின் தன்னாட்சிப் பகுதியான குர்திஸ்தானில் வாக்களித்தவர்களில் சுமார் 93% பேர் தனி நாடு கேட்டார்கள். அப்புறம் எங்கே இடித்தது?

பதில் 1: வட இராக்கின் கிர்குக் நகரில். பெரிய எண்ணெய் வயல்கள் அங்கே இருக்கின்றன. 2014இல் ஐஎஸ் தீவிரவாதிகள் வந்ததும் இராக் ராணுவம் விட்டுவிட்டு ஓட, குர்துப் படையான பெஷ்மர்கா பிடித்த ஊர். இராக்கின் 2005 அரசியல் சாசனத்தின் 140ஆம் பிரிவுப்படி, அது யாருக்கு என்று 2007க்குள் மக்களிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவே இல்லை. அந்த ஊரையும் சேர்த்து ஓட்டு நடத்தியதுதான் வினை. அக்டோபர் 16 அன்று பாக்தாத் மத்திய அரசின் படை நகருக்குள் வந்துவிட்டது.

பதில் 2: கிர்குக் ஒரே நாளில் விழுந்ததற்குக் காரணம் வேறு. பெஷ்மர்கா பெயருக்குத்தான் ஒரு படை. பார்சானி குடும்பத்தின் கேடிபி கட்சி கையில் ஒரு பகுதி, தலபானி குடும்பத்தின் பியூகே கட்சி கையில் இன்னொரு பகுதி. பியூகே பிரிவுகள் பலவும் சண்டை போடாமலே விலகின. முதலில் படையையும் கஜானாவையும் ஒன்றாக்கணும், கொடி அப்புறம்.

பதில் 3: கடலும் கிடையாதே. எண்ணெய் துருக்கியின் ஜெய்ஹான் துறைமுகத்துக்குக் குழாயில் போகணும். 2023 மார்ச்சில் அந்தக் குழாய் மூடப்பட்டதும் குர்திஸ்தான் தலைநகர் எர்பிலில் அரசு ஊழியர் சம்பளமே இழுபறியானது. வாக்கெடுப்புக்குப் பிறகு எர்பிலுக்கும் இன்னொரு குர்து நகரான சுலைமானியாவுக்கும் வரும் சர்வதேச விமானங்களையும் பாக்தாத் சுமார் ஆறு மாதம் நிறுத்திவைத்தது. நியாயம் குர்துகள் பக்கம்தான், ஆனால் நாலு பக்கமும் கதவு அடுத்தவர் கையில்.

கேட்டவர்: அப்போ கிர்குக்கை விட்டுவிட்டுக் கேட்டிருந்தால்?

பதில் 1: துருக்கியும் ஈரானும் அப்பவும் ஒத்துக்கொண்டிருக்காது. பாக்தாத்தோடு பேச மட்டும் கொஞ்சம் இடம் இருந்திருக்கும்.