மீட்டர்கேஜ் ஆட்கள் கூடினால்: கடலூர் ரயில்வே பென்ஷன்காரர்களின் அனுபவங்கள்

ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், திருப்பாதிரிப்புலியூர்

நவம்பரில் உயிர்ச்சான்று கொடுக்க எப்படியும் எங்களில் பலர் வங்கிக்கு வருவோம். அந்த வாரத்திலேயே ஒரு நாள் கூடிவிடலாம் என்று முடிவு செய்து, தேரடிப் பக்கம் ஒரு மாடியில் உட்கார்ந்தோம். டிரைவர், கார்டு, ஸ்டேஷனில் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன், தண்டவாளத்தைப் பராமரிக்கும் கீமேன், கேங்மேன் எல்லோரும் வந்திருந்தார்கள். சர்வீஸில் இருந்தபோது இவர்கள் அனைவரும் ஒரே வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சர்க்கரை, மூட்டுவலி, அரியர்ஸ் கணக்கெல்லாம் சீக்கிரமே தீர்ந்துவிட்டது. அப்புறம் யாரோ "பந்து" என்று ஆரம்பித்தார். சாப்பாட்டு இலை போடும்வரை அந்தப் பேச்சுதான்.

பேரப்பிள்ளைகளும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை வரை அப்போது மீட்டர்கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகல, ஒற்றைத் தடம். எதிரெதிரே இரண்டு வண்டிகள், இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையிலான ஒரே செக்‌ஷனுக்குள் வந்துவிடக் கூடாது. அதற்காக ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நீல்ஸ் டோக்கன் கருவி இருக்கும். நான் மணி அடித்து அடுத்த ஸ்டேஷனில் லைன் கிளியர், அதாவது வண்டியை அனுப்ப அனுமதி, கேட்பேன். அங்கிருக்கும் மாஸ்டர் சம்மதித்து அவருடைய கருவியை இயக்கினால்தான் என் கருவியிலிருந்து ஓர் இரும்புப் பந்து விழும். அது வெளியே இருக்கும்வரை அந்த செக்‌ஷனுக்கு இன்னொரு பந்து எந்தப் பக்கமும் வராது. பந்தில் செக்‌ஷன் பெயர் பொறித்திருக்கும். டிரைவர் அதைப் படித்துப் பார்க்காமல் வண்டியை எடுக்கக் கூடாது. பக்கத்து செக்‌ஷன் பந்தை மாற்றிப் போட்டாலும் கருவி ஏற்காது, காடி வேறாக இருக்கும்.

இரண்டு மாஸ்டர்களும் ஒத்துக்கொண்டால்தான் வண்டி நகரும். பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் வருஷக்கணக்கில் மணியிலேயே பழகியிருக்கிறேன். அவர் அடிக்கிற விதத்திலேயே கோபமாக இருக்கிறாரா, தூக்கக் கலக்கமா என்று தெரிந்துவிடும்.

மற்றவர்களும் எழுதுங்கள். அன்றைக்கு வர முடியாதவர்கள் முக்கியமாக எழுத வேண்டும்.

பாயிண்ட்ஸ்மேன், கடலூர் முதுநகர்

சார் கருவியோடு நிறுத்திவிட்டார். அந்தப் பந்தை டிரைவர் கையில் சேர்த்தது யார்?

பிரம்பு வளையத்தில் தோல்பை, பைக்குள் பந்து. நிற்காமல் போகும் வண்டி என்றால் பிளாட்பார விளிம்பில் நின்று வளையத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். எஞ்சினில் கரி போடும் ஃபயர்மேன் முந்தின செக்‌ஷன் வளையத்தைக் கீழே வீசிவிட்டு, நம் கையில் இருப்பதில் தன் கையை நுழைத்து வாங்கிக்கொள்வார். ராத்திரி என்றால் இன்னொரு கையில் தீப்பந்தம். அந்த வெளிச்சத்தில்தான் அவருக்கு வளையம் தெரியும். கரி எஞ்சின் பக்கத்தில் வரும்போது முகத்தில் அடிக்கும் அனல் இருக்கிறதே, அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

ஒரு ஐப்பசி மழையில் ஃபயர்மேன் வீசிய வளையம் எங்கேயோ போய் விழுந்தது. வளையம் கிடைத்தது, பையும் கிடைத்தது. பை வாய் திறந்து பந்து மட்டும் போய்விட்டது. பந்து வந்து சேராமல் கருவி வேலை செய்யாது, அனுமதியைக் காகிதத்தில் பேப்பர் லைன் கிளியராக எழுதித்தான் அடுத்த வண்டிகளை அனுப்ப வேண்டும். மாஸ்டர் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருக்கிறார், நாங்கள் அரிக்கேன் விளக்கோடு நெருஞ்சிமுள்ளில் தடவிக்கொண்டே இருக்கிறோம். விடிந்ததும் ஆடு மேய்க்க வந்த ஒரு பையன் வாய்க்காலில் காலை விட்டு எடுத்துக் கொடுத்தான். மாஸ்டர் அவனுக்கு இட்லி வாங்கிக் கொடுத்தார். எங்களுக்குக் கிடைத்தது வசவு.

ஃபயர்மேனாகச் சேர்ந்து டிரைவராக ஓய்வு பெற்றவர், விழுப்புரம்

அண்ணே, வீசியது நானாக இருக்காது என்று நம்புகிறேன்!

வளையம் வாங்கி வாங்கி முழங்கைக்கு மேலே எப்போதும் கன்றிப்போய் இருக்கும். என் வீட்டுக்காரி கல்யாணமான புதிதில் அதைப் பார்த்துவிட்டு யார் அடித்தது என்று கேட்டாள். எழும்பூரிலிருந்து விழுப்புரம் வரைக்கும் மின்சார எஞ்சின் வந்துவிடும், அந்த டிரைவர்கள் சட்டை கசங்காமல் இறங்கிப் போவார்கள். அதைக் கழற்றிவிட்டு ஒய்.பி. கரி எஞ்சினை மாட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வருவது நாங்கள். டீசல் எஞ்சின் வந்தபோது கரி எஞ்சின் போச்சே என்று வருத்தப்பட்டவர்கள் எல்லாம் பிளாட்பாரத்தில் நின்றவர்கள்தான். கரி அள்ளிப் போட்ட எவனும் வருத்தப்படவில்லை. நான் சத்தியமாகப் படவில்லை.

கேங்மேனின் மகள், பரங்கிப்பேட்டை

அப்பா இப்போது இல்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் அப்பாவுக்கு ராத்திரி ரோந்து. கோணிச்சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, விளக்கு, ரோந்துப் புத்தகம், தண்டவாளத்தில் வைக்கும் டெட்டனேட்டர்கள் எல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்புவார். அந்தப் பக்கத்திலிருந்து வரும் ஆளைப் பாதி வழியில் சந்தித்து, புத்தகத்தை மாற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். நடக்காமல் எங்கேயாவது ஒதுங்கிவிட்டால் புத்தகம் காட்டிக்கொடுத்துவிடும்.

தடத்தில் கோளாறு தெரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை எங்களுக்கு வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொடுத்திருந்தார். மீட்டர்கேஜில் 400 மீட்டர் தள்ளி ஒரு டெட்டனேட்டர், 800 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று. வண்டி ஏறினால் வெடிக்கும், டிரைவர் நிறுத்திவிடுவார். ஒருதடவை வெள்ளாற்றில் தண்ணீர் ஏறிய ராத்திரி, பாலத்துக்கு இந்தப் பக்கம் கரை சரிந்து ஸ்லீப்பர் கட்டைகளுக்கு அடியில் ஜல்லியே இல்லை என்று கண்டு, வண்டி வரும் திசையில் ஓடி வைத்திருக்கிறார். வெடிச்சத்தம் கேட்டு வண்டி நின்றது. அவருக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்துக்கொண்டார். பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு வண்டி ஏன் நின்றது என்றே தெரிந்திருக்காது.

1956 நவம்பரில் அரியலூர் பக்கம் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்த கதையை ரோந்துக்குப் புதிதாக வருகிறவர்களிடம் அப்பா கட்டாயம் சொல்வார். லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே மந்திரி பதவியை விட்டது அதற்காகத்தான். "மந்திரி பதவியே போனது, நீ தூங்கலாமா" என்பார்.

அப்புறம் 1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தம். நான் சிறு பிள்ளை. அப்பா பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் சொந்தக்காரர் வீட்டில் இருந்தார், அம்மாவின் கம்மல் அடகுக்கடையில் இருந்தது. இதற்கு மேல் அம்மா சொன்னதில்லை.

ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், திருப்பாதிரிப்புலியூர்

தங்கச்சி, அடுத்த கூட்டத்துக்கு நீ அவசியம் வர வேண்டும். நாங்கள் டேபிளுக்குப் பின்னால் உட்கார்ந்து லைன் கிளியர் கொடுத்தோம். லைன் இருக்கிறதா என்று நடந்து பார்த்தவர் உன் அப்பா. அன்றைக்குக் கூட்டத்தில் கேங் ஆட்கள்தான் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுப் போனார்கள். பேச வைத்திருக்க வேண்டும்.

கார்டு, புதுச்சேரி

எங்கள் விழுப்புரம்–புதுச்சேரி லைனை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. 1879-லேயே வந்த லைன் ஐயா அது. பிரெஞ்சு ஊருக்குள் ஓடியதும் தென்னிந்திய ரயில்வே வண்டிதான். 1954 நவம்பரில் ஊர் நம் கைக்கு வரும்வரை எல்லையில் சுங்கச் சோதனை நடந்ததையும், பெட்டிக்கடியில் சீமைச்சாராய பாட்டில்கள் உருண்டதையும் என் அப்பா கதை கதையாகச் சொல்வார். அவரும் ரயில்வேதான்.

இன்னொரு விஷயம். புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு ரோட்டில் இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர். ரயிலில் வர வேண்டுமென்றால் விழுப்புரம் போய்ச் சுற்றி எண்பது கிலோமீட்டருக்கு மேல். நேர் பாதை வரும் வரும் என்று நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து கேட்கிறேன். ரயில்வே பாஸைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டிக்கெட் எடுத்து பஸ்ஸில் வந்தேன், நின்றுகொண்டே. அடுத்த தடவை விழுப்புரத்தில் வைத்துக்கொள்ளலாமே? மூன்று பக்கத்து ஆட்களும் ரயிலிலேயே வந்துவிடலாம்.

டிரைவர், விழுப்புரம்

தாராளமாக வாருங்கள், மண்டபம் நான் பார்த்துக்கொள்கிறேன். சாப்பாட்டுச் செலவை மட்டும் ஸ்டேஷன் மாஸ்டர்கள் ஏற்றுக்கொள்ளட்டும், அவர்களுக்குத்தான் பென்ஷன் அதிகம்.