ஒத்திப்போட்டே நாள் போகிறது, எங்கே தொடங்குவது?

வெள்ளவத்தைத் தம்பி:
கொழும்புக் கோட்டைக்கு வேலைக்குப் போய் வருகிறேன், எம்பிஏ ஆய்வறிக்கை ஐந்து மாதமாக அப்படியே கிடக்கிறது. இரவு லேப்டொப்பைத் திறந்தால் 80 பக்கமும் ஒரேயடியாகக் கண்முன்னால் நிற்கிறது, உடனே மூடிவிட்டுப் படுத்துவிடுகிறேன். யாராவது இதிலிருந்து மீண்டிருக்கிறீர்களா?

காலிவீதி அக்கா:
தம்பி, 80 பக்கத்தை விடுங்கள். இன்றைக்குத் தலைப்பை மட்டும் திருத்திவிட்டு மூடுங்கள். 100ஆம் நம்பர் பஸ்ஸில் சீட் கிடைத்தால் ஒரு பந்தி வாசிப்பது என்று தொடங்கித்தான் நான் கணக்கியல் சோதனையை முடித்தேன். முதல் கிழமை பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் வாசித்த நாளையெல்லாம் கலண்டரில் கோடு போட்டு வந்தபோது அந்த வரிசையை முறிக்க மனம் வரவில்லை.

மழைக்காலம்:
பொமோடோரோ முறையைப் பாருங்கள். பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் கடைசியில், மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவ சமையலறை டைமரை வைத்துத் தொடங்கியது. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. களைத்து வந்த இரவில் 10 நிமிடமே போதும் என்பேன். ஒன்று, எழுத்துரு மாற்றுவதையும் மேசை துடைப்பதையும் கணக்கில் சேர்க்காதீர்கள், அறிக்கையில் ஒரு வரியாவது கூட வேண்டும்.

வெள்ளவத்தைத் தம்பி:
நன்றி அக்கா, நேற்றுத் தலைப்பைத் திருத்தப் போய் முன்னுரையில் இரண்டு பந்தி எழுதிவிட்டேன். இன்றைக்கு மூன்றாவது.