பழைய மாருதி ஜிப்சி, மஹிந்திரா மேஜர் ஜீப்: ஸ்பிரிங் மாற்றியவர்கள், பெரிய டயர் போட்டவர்கள் அனுபவம் (எழுதியவரின் வண்டியும் ஊரும் அவரவர் பதிவுக்கு மேலே)

ஜிப்சி கிங், கோவை

ஜிப்சி வாங்கிய எவருக்கும் இரண்டு ஆசை வரும். ஒன்று பெரிய டயர். இன்னொன்று, முதுகை உடைக்கும் அந்தக் குலுக்கல் குறைய வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி என்பதைப் பட்டறையில் யாரும் சொல்வதில்லை. குலுக்கல் குறைய ஸ்பிரிங் இளக வேண்டும். இளகினால் சக்கரம் மேலே அதிகம் ஏறி வரும். சக்கரம் பெரிதாக இருந்தால் மட்கார்டில் இடிக்கும்.

என் வண்டியில் இருந்த டயர் 205/70 ஆர்15, அதாவது அகலம் 205 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 15 இன்ச். விட்டம் சுமார் 668 மி.மீ. இப்போது ஓடுவது 235/75 ஆர்15, சுமார் 733 மி.மீ. வித்தியாசம் 65 மி.மீ. என்றாலும் வண்டி உயர்வது அதில் பாதிதான், 33 மி.மீ. அளவுக்கு. இதை அற்பம் என்று நினைக்காதீர்கள். ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் பாடியும் சேசிஸும்தான் மேலே போகும். ஆக்ஸில் நடுவில் குண்டாகத் தொங்கும் கியர் பெட்டி, டிஃபரன்ஷியல், இருந்த இடத்திலேயே இருக்கும். கல்லில் முதலில் தட்டுவது அதுதானே. அதை உயர்த்துவது டயர் மட்டும்தான். அதனால் முதலில் டயர் அளவை முடிவு செய்து, அந்த டயர் உரசாமல் சுற்ற எவ்வளவு இடம் வேண்டுமோ அந்த அளவுக்கு மட்டும் ஸ்பிரிங்கைத் தேடினேன்.

ஜிப்சி ஸ்பிரிங் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள். குலுக்கலுக்கு எல்லாப் பட்டறையிலும் சொல்லும் வைத்தியம் "ஒரு பட்டையை உருவிடலாம் சார்." உருவினால் கொஞ்சம் மெத்தென்று இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் வண்டி தாழ்ந்துவிடும். ஆள் ஏறினால், ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது இடி தாங்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் உட்காரும், பெரிய டயருக்கு இருந்த கொஞ்ச இடமும் போய்விடும். நான் போட்டது பாரபோலிக் ஸ்பிரிங். பட்டைகள் குறைவு, ஒவ்வொன்றும் நடுவில் தடித்து ஓரங்களில் மெலிந்திருக்கும், நடுவிலும் முனைகளிலும் மட்டும்தான் ஒன்றையொன்று தொடும். பழைய கட்டில் பட்டைகள் உராய்வதே குலுக்கலைக் கொஞ்சம் அடக்கி வைத்திருந்தது. இதில் அந்த உராய்வு இல்லாததால் மொத்த வேலையும் ஷாக் அப்சார்பர் தலையில் விழுகிறது. பழைய ஷாக்கை விட்டுவைத்தால் வண்டி மிதந்துகொண்டே இருக்கும்.

விலை கூடுதல்தான். சுமை ஏற்றுகிறவர்களுக்கு இது வேண்டாம் என்பது என் கருத்து.

ஸ்பீடோமீட்டர் பற்றிக் கேட்பவர்களுக்கு: முள் 60 காட்டும்போது வண்டி கிட்டத்தட்ட 66-ல் போகிறது. கியரும் அதே அளவுக்கு நீண்டுவிட்டது. ஏற்காடு ஏற்றத்தில் முன்பு மூன்றாவதில் ஏறிய இடங்களில் இப்போது இரண்டாவது.

மேஜர், சூரியநெல்லி

அண்ணன் சொன்னது ஆசைக்கு ஓட்டுகிறவர்களுக்குச் சரி. நாங்கள் கொழுக்குமலைக்குப் பிழைப்புக்கு ஓட்டுகிறோம். விடியலைப் பார்க்க வருகிறவர்கள் முன்னும் பின்னும் நெருக்கி உட்காருவார்கள். அந்தப் பாதையில் ரோடு என்று ஒன்றும் கிடையாது, கல்தான். எங்கள் வண்டிகளில் பின்னால் பட்டை கூட்டித்தான் போட்டிருக்கும். காலியாக இறங்கும்போது பல் ஆடும், ஆனால் ஆள் ஏற்றினால் நேராக நிற்கும்.

டயர் விஷயத்தில் எனக்கு ஒல்லி டயர்தான் பிடிக்கும், பழைய 6.00-16 மாதிரி. சேற்றில் அகல டயர் மேலே மிதந்து வழுக்கும். ஒல்லி டயர் சேற்றை வெட்டிக்கொண்டு அடியில் இருக்கும் கெட்டியைப் பிடிக்கும். மணல் என்றால் கதை வேறு, அங்கே அகலம்தான் வேண்டும். எங்களுக்கு மணல் ஏது?

ஸ்பிரிங் மாற்றுகிறவர்கள், ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட்டைக் கவனியுங்கள். புதுப் பட்டைகள் ஓடி அமர்ந்ததும் யூ போல்ட் தளர்ந்துவிடும். அப்போது முழு இழுப்பும் பட்டைகளின் நடுவில் இருக்கும் சென்டர் போல்ட்டுக்குப் போகும். அது சுண்டுவிரல்கூடத் தடிமன் இல்லை. அது அறுந்தால் ஆக்ஸில் ஒரு பக்கம் பின்னால் நகர்ந்து, வண்டி நண்டு மாதிரி கோணலாக ஓடும். எங்கள் ஸ்டாண்டில் ஒரு வண்டிக்கு இப்படி ஆனது, நல்லவேளையாக ஏற்றத்தில். மாற்றிய முதல் வாரத்தில் ஒருமுறையாவது ஸ்பேனர் போட்டு இறுக்குங்கள். பட்டை பொருந்தியிருக்கும் இடத்தில் புதுத் துருப்பொடி கோடு மாதிரித் தெரிந்தால் அது ஆடுகிறது என்று அர்த்தம்.

ஜிப்சி, ஓசூர்

நான் வாங்கியதே மாற்றம் செய்த வண்டி. ஸ்பிரிங் ஓவர் ஆக்ஸில், 31 இன்ச் டயர். ஜிப்சியில் கம்பெனி பொருத்தும்போது ஸ்பிரிங் ஆக்ஸிலுக்கு அடியில் இருக்கும். அதை மேலே தூக்கி வைத்தால் சுளையாக ஐந்து இன்ச் உயரம் கிடைக்கும். புது ஸ்பிரிங் செலவு இல்லை, பழைய இளக்கமும் அப்படியே இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்தைத் திருப்ப இறங்கும் ராடு, டிராக் லிங்க், ரொம்பவே சாய்ந்திருந்தது. பள்ளத்தில் ஸ்பிரிங் அமுங்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் தானாகத் திரும்பும். ஹைவேயில் 70-க்கு மேல் ஒரு கையைக்கூட எடுக்க முடியாது. லோ கியரில் ஏறும்போது பின் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு சக்கரம் தாவித் தாவிக் குதிக்கும். அதில், என்ஜின் சுழற்சியை ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் புரப்பெல்லர் ஷாப்ட்டின் இணைப்பு, யூ ஜாயின்ட், போனது. பிரேக் ஹோஸ் பழைய நீளமே இருந்தது. ஜாக்கியில் சேசிஸைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டபோது அந்த ஹோஸ் கிடார் கம்பி போல விறைத்து நின்றது. அதைப் பார்த்த பிறகு ஹோஸ் மாற்றும்வரை வண்டியை வீட்டை விட்டு எடுக்கவில்லை.

இப்போது டிராக் லிங்க்கை உயர்த்தி, நீள ஹோஸ் போட்டு, பின்னால் முறுக்கைத் தாங்க ஒரு ராடும் கொடுத்தாகிவிட்டது. காட்டில் அருமையான வண்டி. குடும்பத்தோடு ஊருக்குப் போக வேறு கார் வைத்திருக்கிறேன்.

மஹிந்திரா எம்எம்540, மதுரை

ஸ்பிரிங் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிளை மட்டும் நீளமாக்கிப் போட்டால் போதாதா? ரொம்ப மலிவு என்கிறார்கள்.

ஜிப்சி கிங், கோவை

தம்பி, இரண்டு இன்ச் நீட்டினால் வண்டி உயர்வது ஏறக்குறைய ஒரு இன்ச். ஷேக்கிள் ஸ்பிரிங்கின் ஒரு முனையில்தானே இருக்கிறது. முன் பக்கம் நீட்டினால் ஆக்ஸில் சாய்ந்து காஸ்டர் கோணம் குறையும். ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராமல் அலையும். பின் பக்கம் மட்டும், அதுவும் கொஞ்சமாக என்றால் பரவாயில்லை. உங்கள் ஸ்பிரிங் வளைவு போய்ப் படுத்துவிட்டது என்றால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பட்டறையில் அதைச் சூடேற்றாமலேயே சுத்தியலால் அடித்து வளைத்துத் தருவார்கள். சூடேற்றிப் பதப்படுத்தாத வளைவு சீக்கிரம் திரும்பப் படுக்கும். புதுக் கட்டே வாங்கிவிடுங்கள்.

டயர் வாங்கும் முன் கடைக்காரரிடம் ஒன்றைக் கடனாகக் கேட்டு மாட்டிப் பாருங்கள். மட்கார்டு உள்பக்கமும் ஸ்பிரிங் ஓரத்திலும் சாக்பீஸை நனைத்துத் தடவிவிட்டு, ஒரு சக்கரத்தைத் திண்டில் ஏற்றி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முடிகிறவரை, முழு லாக், திருப்புங்கள். உரசினால் டயரில் வெள்ளை ஒட்டும். என் வண்டியில் மட்கார்டில் ஒன்றும் இல்லை, முழு லாக்கில் ஸ்பிரிங் பட்டையில்தான் உரசியது. சக்கரம் திரும்பும் அளவைக் கட்டுப்படுத்தும் ஸ்டாப்பர் போல்ட்டைக் கொஞ்சம் வெளியே நீட்டியதில் சரியானது. திருப்ப மட்டும் இப்போது கூடுதல் இடம் வேண்டும். ரிம்முக்கு உள்பக்கம் ஸ்பேசர் என்ற தடித்த வளையம் போட்டுச் சக்கரத்தை வெளியே தள்ளலாம் என்பார்கள். பேரிங்கும், சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னும் சீக்கிரம் தேயும், அப்புறம் ஸ்டீயரிங் உதறும். எனக்கு அதில் விருப்பமில்லை.

மேஜர், சூரியநெல்லி

டியூப் டயர் வைத்திருப்பவர்கள் பிடிப்புக்காகக் காற்றை ரொம்ப இறக்காதீர்கள். ரிம்மில் டயர் வழுக்கும், டியூபும் கூடவே நகரும். வால்வுக் கழுத்து ரிம் ஓட்டையில் மாட்டிக் கிழிந்துவிடும். வால்வு சாய்ந்து நிற்பது தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். அந்த இடத்தில் பஞ்சர் ஒட்ட வழியில்லை, டியூபே மாற்ற வேண்டும்.

ஜிப்சி, ஓசூர்

பேப்பர் விஷயமும் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது வண்டியை நேரில் பார்ப்பார்கள். அதனால் பழைய சக்கரங்களை விற்காமல் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று, ஸ்டெப்னி. ஜிப்சியில் அது பின் கதவில் தொங்குகிறது. 31 இன்ச் டயரை அதில் மாட்டியதில் கீல் பக்கத்துத் தகடு விரிந்துவிட்டது. பம்பரிலிருந்து தனியாகத் திறக்கும் கை ஒன்று செய்து அதில் மாட்டினேன். பெரிய டயருக்குக் கணக்குப் போடும்போது ஐந்தாவது டயருக்கும், அதைத் தொங்கவிடும் இரும்புக்கும் சேர்த்துப் போடுங்கள்.