போபண்ணா "உலக நம்பர் 1 டென்னிஸ் வீரர்" என்றால் அந்த 213 யாருடையது?

ஒற்றை ஆள்:
இரண்டு நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன், முடியவில்லை. ரோகன் போபண்ணா ஓய்வு அறிவித்ததும் காபித்தோட்டம் என்பவர் இங்கே எழுதியது இது: "இந்தியாவின் உலக நம்பர் 1 டென்னிஸ் வீரர் விடைபெற்றார்." டென்னிஸ் வீரரா, இரட்டையர் வீரரா? அவர் நம்பர் 1 ஆனது ஜோடியாக ஆடும் இரட்டையர் தரவரிசையில். 2003இல் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தவர். ஒற்றையர் தரவரிசையில் அவர் தொட்ட உச்சம் 213, அதுவும் 2007இல். நல்ல மனிதர், நல்ல சர்வீஸ், எல்லாம் சரி. ஆனால் 212 பேர் அவருக்கு மேலே உட்கார்ந்திருந்த ஒரு பட்டியலும் இருக்கிறது. அதை மட்டும் யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை.

காபித்தோட்டம்:
ஆமாம், நான்தான் எழுதினேன், ஒரு எழுத்தைக்கூட மாற்றுவதாக இல்லை. 2024 ஆஸ்திரேலிய ஓபன், கூட ஆடியவர் மேத்யூ எப்டன். இறுதியில் பொலெல்லி, வவசோரி ஜோடியை 7-6, 7-5 என்று அடித்தார்கள். முதல் செட் 6-6 ஆனதும் வந்த டைபிரேக்கில் அந்த இத்தாலிக்காரர்களுக்கு ஒரு பாயிண்ட்கூடக் கிடைக்கவில்லை. அப்போது போபண்ணாவுக்கு வயது 43. முட்டியில் குருத்தெலும்பு தேய்ந்துபோய், ஐயங்கார் யோகா செய்து அதைத் தேற்றிக்கொண்டு வந்து ஆடிய ஆட்டம் அது. எனக்கு அதே வயதுதான், பேருந்தில் நின்றபடி வந்தால் மறுநாள் மாடிப்படி ஏற முடியவில்லை. தரவரிசை போட்டது ஆடவர் தொழில்முறை டென்னிஸை நடத்தும் ஏடிபி. சண்டை போட வேண்டுமென்றால் அங்கே போய்ப் போடுங்கள்.

ஒற்றை ஆள்:
யோகா வந்துவிட்டது, முட்டி வந்துவிட்டது, பேருந்துகூட வந்துவிட்டது. 213 மட்டும் வரவில்லை.

மயிலாப்பூர் வாலி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஏடிபி ஒற்றையருக்கு ஒரு பட்டியலும் இரட்டையருக்கு இன்னொரு பட்டியலும் தனித்தனியாகப் போடுகிறது. "நம்பர் 1" என்று சொல்லும்போது எந்தப் பட்டியலைச் சொல்கிறோம் என்று முதலில் பேசி வைத்துக்கொள்ளலாமா? பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்துவிடும்.

நுங்கம்பாக்கம் கேலரி:
ஒற்றையர் ஆடத் தெரியாத ஆள் மாதிரி எழுதுகிறீர்களே, 2010 செப்டம்பரில் எங்கே போயிருந்தீர்கள்? நாட்டுக்கு நாடு ஐந்து ஆட்டம் மோதும் டேவிஸ் கோப்பை, எதிரில் பிரேசில், நம்ம நுங்கம்பாக்கம் ஸ்டேடியம். முதல் நாள் முடிவில் நாம் 0-2. மறுநாள் இரட்டையரில் ஒன்றை மீட்டோம். எல்லாரும் மூட்டை கட்டிவிட்டார்கள், நானும் மூன்றாம் நாள் வேண்டா வெறுப்பாகத்தான் போனேன். பிரேசிலின் பெலூச்சி பாதியில் விலக, நம்ம சோம்தேவ் கணக்கை 2-2 ஆக்கினார். கடைசி ஆட்டத்துக்கு இறங்கியவர் போபண்ணா. எதிரில் ரிக்கார்டோ மெல்லோ. மூன்று நேர் செட்டில் முடித்துவிட்டார். அது ஒற்றையர் ஆட்டம் ஐயா. சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி தேறும், அப்படி ஒரு வெயில். அதில் நின்று பார்த்தவன் சொல்கிறேன்.

ஒற்றை ஆள்:
கேலரி, அந்த ஆட்டத்தை நானும் பார்த்தேன், டிவியில். அருமையான ஆட்டம், மறுக்கவில்லை. ஒரு ஆட்டம். ஒருநாள் பிரமாதமாகச் சமைத்தவரை எல்லாரும் சமையல்காரர் என்று கூப்பிடுவதில்லை. லியாண்டர் பயஸை எடுத்துக்கொள்ளுங்கள், அவரும் இரட்டையரில்தான் பேர் வாங்கினார். ஆனால் 1996 அட்லாண்டாவில் ஒற்றையரில் வெண்கலம், 1998இல் நியூ ஹேவனில் சாம்ப்ராஸையே வீழ்த்தியது, ஒற்றையர் உச்சம் 73. ரமேஷ் கிருஷ்ணன் 23. இவர்கள் தனியாக நின்று அடித்தவர்கள். பணத்தைப் பார்த்தாலே தெரியும். அதே 2024 ஆஸ்திரேலிய ஓபனில் ஒற்றையர் வென்றவருக்கு 31.5 லட்சம் ஆஸ்திரேலிய டாலர், இரட்டையரில் ஜோடிக்கு 7.3 லட்சம், அதையும் ஆளுக்குப் பாதி. போட்டி நடத்துகிறவர்களுக்கே எது பெரிது என்று தெரிகிறது, உங்களுக்குத்தான் தெரியவில்லை. சாதாரண டூர் போட்டியின் இரட்டையரில் மூன்றாவது செட்கூட முழுசாகக் கிடையாது, பத்து பாயிண்ட் டைபிரேக், வீட்டுக்குப் போகலாம். 213 என்பது கல்வெட்டு, யோகா செய்தாலும் அழியாது.

காபித்தோட்டம்:
மகேஷ் பூபதி ஒற்றையரில் எவ்வளவு தெரியுமா? 217! உங்கள் 213க்கும் கீழே. 1999இல் அவரும் நம்பர் 1, அந்த வருடம் கிராண்ட்ஸ்லாம் என்கிற நாலு பெரிய போட்டிகளின் இறுதியிலும் பயஸோடு நின்றார், பிரெஞ்சு ஓபனும் விம்பிள்டனும் ஜெயித்தார்கள். அப்போது நீங்கள் பட்டாசு வெடித்தீர்களா இல்லையா?

ஒற்றை ஆள்:
பூபதியையும் அதேதான் சொல்வேன். சென்னையில் பிறந்தவர் என்பதற்காக விட்டுவிடுவேன் என்று நினைத்தீர்களா? பட்டாசு வேறு, பட்டியல் வேறு.

கோவைக்காரன்:
இதெல்லாம் இருக்கட்டும். 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கு முன்னால் பயஸோடு ஆட மாட்டேன் என்று பூபதியும் போபண்ணாவும் அடம்பிடித்தார்களே, அதை யாராவது பேசுகிறீர்களா? கடைசியில் பயஸுக்கு விஷ்ணு வர்தனைக் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு ஜோடியும் இரண்டாம் சுற்றிலேயே காலி. நாட்டுக்கு ஒரு பதக்கம் போச்சு.

காபித்தோட்டம்:
போகவில்லை. 2016 ரியோவில் இதே பயஸும் போபண்ணாவும் சேர்ந்துதானே ஆடினார்கள்? முதல் சுற்றிலேயே தோற்றார்கள். சேர்த்து வைத்தால் பதக்கம் வரும் என்பது கல்யாணத் தரகர் கணக்கு. அப்புறம் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு உங்கள் ஊர் ஸ்ரீராம் பாலாஜியைத்தான் போபண்ணா கூட்டிக்கொண்டு போனார். அதற்காவது நன்றி சொல்லுங்கள்.

கோவைக்காரன்:
பாலாஜிக்கு யாரும் பிச்சை போடவில்லை, அவன் ஆட்டத்துக்குக் கிடைத்த இடம். மொன்ஃபில்ஸ், ரோஜே வாசலான் ஜோடி சொந்த ஊர்க் கூட்டத்துக்கு முன்னால் ஆடினார்கள், முதல் சுற்றில் தோற்றோம், அவ்வளவுதான். கோவை என்றாலே இளக்காரமாகப் பேசுவது இங்கே சிலருக்கு வழக்கமாகிவிட்டது.

காபித்தோட்டம்:
எங்கே ஐயா இளக்காரமாகப் பேசினேன்?

பேக்ஹேண்ட் பத்மா:
இருபது வருடமாக கிளப்பில் இரட்டையர் ஆடுகிறேன், அதனால் இரண்டு வார்த்தை. ஒற்றையர் ஆடத் தெரியாதவர்கள் ஒதுங்கும் இடமில்லை இது. எதிராளி நெட்டில் நிற்கும்போது ரிட்டர்னை அவர் காலடியில் இறக்க வேண்டும், ஒரு அடி உயர்ந்தால் அடித்து நொறுக்கிவிடுவார். கூட ஆடுகிறவர் எப்போது குறுக்கே பாய்வார் என்று பார்க்காமலே தெரிந்திருக்க வேண்டும். பெரிய ஒற்றையர் வீரர்கள் வந்து முதல் சுற்றில் திணறுவதைப் பார்த்ததில்லையா? சரி, ஒற்றை ஆளுக்கு ஒரு கேள்வி. சானியா மிர்சா 2015இல் இரட்டையர் நம்பர் 1 ஆனபோது நீங்கள் ஏன் இப்படி ஒரு இழை தொடங்கவில்லை?

ஒற்றை ஆள்:
சானியா ஒற்றையரில் 27. பாருங்கள், 27. 213 இல்லை.

பேக்ஹேண்ட் பத்மா:
அப்படியானால் இரட்டையரில் நம்பர் 1 என்று சொல்லிக்கொள்ள ஒற்றையரில் எத்தனைக்குள் வர வேண்டும்? 27ஆ, 73ஆ, 100ஆ? ஒரே ஒரு எண் சொல்லுங்கள்.

ஒற்றை ஆள்:
எண்ணெல்லாம் சொல்வதற்கு நான் ஏடிபி இல்லை. ஆனால் 213 இல்லை என்பது மட்டும் நிச்சயம். அமெரிக்காவின் மெக்கன்ரோ ஒற்றையரிலும் நம்பர் 1, இரட்டையரிலும் நம்பர் 1. அவர் டென்னிஸ் வீரர்.

காபித்தோட்டம்:
மெக்கன்ரோவுக்குக் கீழே எல்லாரும் பூஜ்யம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் முதல் பதிவிலேயே முடிந்திருக்கும். இவர்தான் போன வருடம் கேரம் ஒரு விளையாட்டே இல்லை என்று நாற்பது பதிவு போட்டவர், புதிதாக வந்தவர்களின் கவனத்துக்கு.

ஒற்றை ஆள்:
நாற்பது இல்லை, பதினெட்டு. கேரம் பலகைக்கு வியர்க்காது என்றுதான் எழுதினேன், இன்றைக்கும் அதில் மாற்றமில்லை. எண்ணவே தெரியாதவர்களோடு தரவரிசை பேசுவது என் தலையெழுத்து.

நுங்கம்பாக்கம் கேலரி:
கேரமைத் தொடாதீர்கள். கேரம் வீரர் மரிய இருதயம் அர்ஜுனா விருது வாங்கியது வியர்வைக்காகவா?

மயிலாப்பூர் வாலி:
என் கேள்வி அப்படியே நிற்கிறது. எந்தப் பட்டியல்?

கோவைக்காரன்:
சென்னை ஓபனை 2018இல் புனேவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்களே, அன்றைக்கு இந்த வேகத்தில் நாலு பேர் எழுதியிருந்தால் போட்டி இங்கேயே இருந்திருக்கும். அதை விட்டுவிட்டு 213, 217 என்று.

பேக்ஹேண்ட் பத்மா:
எண் வந்ததா?

காபித்தோட்டம்:
வராது மேடம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2010 அமெரிக்க ஓபன் இறுதியில் பாகிஸ்தானின் குரேஷியோடு ஆடி பிரையன் சகோதரர்களிடம் இரண்டு டைபிரேக்கில் தோற்றார். அங்கிருந்து கிராண்ட்ஸ்லாம் ஆடவர் இரட்டையர் கோப்பைக்குப் 13 வருடத்துக்கு மேல் காத்திருந்த மனிதர். நடுவில் 2017இல் கனடாவின் டப்ரோவ்ஸ்கியோடு பிரெஞ்சு ஓபன் கலப்பு இரட்டையர் கோப்பை. கிராண்ட்ஸ்லாமுக்கு அடுத்த நிலையான மாஸ்டர்ஸில் கோப்பை ஆறு. கடைசியாக மயாமியில் வென்றபோது 44 வயது. இவ்வளவையும் ஒரு 213 வைத்து மூடப் பார்க்கிறார்.

ஒற்றை ஆள்:
மூடவில்லை, திறந்து காட்டுகிறேன். நீங்கள் அடுக்கியதில் ஒன்றாவது அவர் தனியாக வென்றதா என்று நீங்களே ஒருமுறை மேலே போய்ப் படித்துப் பாருங்கள். நாளை காலை ஷிஃப்ட் இருக்கிறது, ராத்திரி வந்து விரிவாக எழுதுகிறேன். அதுவரை 213.

நுங்கம்பாக்கம் கேலரி:
மெல்லோ. மூன்று நேர் செட். தனியாக.