மறு: புத்தாக்கச் சூழல்தொகுதி: உள்ளே இருப்பவரை என்னவென்று சொல்வது?

> 'புத்தாக்கச் சூழல்' போதும். அதில் சேர்ந்து இயங்கும் நிறுவனங்களைப் 'பங்காளர்' என்றே சொல்லலாம்.

ஐயா, வணக்கம்.

'Innovation ecosystem' என்பதற்குத் தாங்கள் சொன்ன தமிழில் 'புத்தாக்கம்' சரி. 'சூழல்' என்று நிறுத்துவதில்தான் எனக்குத் தயக்கம். 1935இல் சூழலியலாளர் டான்ஸ்லி 'ecosystem' என்ற சொல்லைக் கையாண்டபோது சுற்றுப்புறத்தை மட்டும் சொல்லவில்லை. உயிர்களும் மண்ணும் நீரும் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் முழு அமைப்பைச் சொன்னார். 1993இல் வணிக உத்தி ஆய்வாளர் ஜேம்ஸ் மூர் அதை வணிகத்துக்குக் கொண்டுவந்ததும் அந்தச் சார்புக்காகவே. 'மண்டலம்' என்றாலோ வேலி போட்ட தொழிற்பேட்டை நினைவுக்கு வரும். இலங்கைப் பாடநூல்களில் 'சூழற்றொகுதி' இருக்கவே இருக்கிறது. புணர்ச்சியைப் பிரித்துச் 'சூழல்தொகுதி' என எழுதலாமே.

'பங்காளர்' என்பதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ஓர் எடுத்துக்காட்டு. 1990களின் பிற்பகுதியில் மிஷெலின் நிறுவனம் பஞ்சரானாலும் ஓடக்கூடிய 'பாக்ஸ்' டயரைக் கொண்டுவந்தது. டயரில் குறையில்லை, கார் நிறுவனங்கள் சிலவும் சேர்ந்துகொண்டன. ஆனால் அதைப் பழுதுபார்க்கத் தனிக் கருவி வேண்டும். அதை வாங்கிவைத்த பணிமனைகள் மிகக் குறைவு. கடைசியில் டயரையே கைவிட்டார்கள்.

அந்தப் பணிமனைக்காரர் மிஷெலினுக்கு யார்? முதல் போட்டவரல்லர், லாபத்தில் பங்கு கேட்பவரும் அல்லர். ஆகவே பங்காளரும் இல்லை, கூட்டாளியும் இல்லை. டயருக்கு வேண்டிய சரக்கைக் கொடுக்காததால் வழங்குநரும் இல்லை. ஆனாலும் அவர் கை கொடுக்காவிட்டால் அந்தப் புத்தாக்கம் நிலைக்காது. இப்படிப்பட்டவருக்கு ஒரு பெயர் இல்லாததால்தான் திட்டம் போடும்போது அவரை மறந்துவிடுகிறோம் என்று நினைக்கிறேன்.

என் பரிந்துரை 'நிரப்புநர்' (complementor). பள்ளிக் கணக்கில் 'நிரப்புக் கோணங்கள்' படித்திருக்கிறோம்: ஒவ்வொன்றும் தனிக் கோணம், இரண்டும் சேர்ந்தால்தான் 90 பாகை. இங்கே உள்ள உறவும் அதேதான்.

பெட்ரோல் நிரப்புபவர் என்று பொருள்கொள்வார்களோ என்று தாங்கள் கேட்கக்கூடும். தனியாக நின்றால் கொள்ளலாம். வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: 'செயலி எழுதுவோர் கைபேசி நிறுவனத்தின் நிரப்புநர்கள்; நிரப்புநர் ஒருவர் பின்தங்கினாலும் சூழல்தொகுதி முழுவதும் காத்திருக்க வேண்டும்.' எனக்கு இடறவில்லை.

இவர்கள் சேர்ந்து செய்வதற்குக் 'கூட்டுப் புத்தாக்கம்' போதும், புதுச்சொல் தேவையில்லை. 'நிரப்புநர்' பற்றி மட்டும் மறுப்பிருந்தால் எழுதுங்கள். அதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்தால் இதை மகிழ்ச்சியோடு விட்டுவிடுவேன்.