சேலத்து மொட்டை மாடியில் ஒரு 12 அடிப் படகு

அம்மாப்பேட்டை, சேலம்

பூலாம்பட்டியில் என் படகு முதல்முதலாக ஆற்றில் இறங்கிய அன்று, கால் மணி நேரத்துக்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறிவிட்டது. பதினாலு மாத வேலை. கரையில் நின்ற மகள் அழுதுவிட்டாள், எனக்கும் தொண்டை அடைத்தது. அங்கே படகு ஓட்டும் ஒரு பெரியவர் அப்போது சொன்னது எந்த வரைபடத்திலும் இல்லாதது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். முதலில் கட்டிய கதை.

வரைபடம் பழைய வகை. தட்டையடித் துடுப்புப் படகு. 12 அடி நீளம், நடுவில் 4 அடி அகலம், குறுக்கே மூன்று வங்கு. வங்கு என்றால் விலா எலும்பு மாதிரி படகைத் தாங்கும் சட்டம். அமெரிக்காவில் கனெக்டிகட் கரையில் 19ஆம் நூற்றாண்டில் சிப்பி அள்ளப் போனவர்கள் வைத்திருந்த ஷார்ப்பி என்ற தட்டையடிப் படகுக்கு இது சின்ன உறவு. பக்கவாட்டில் பலகைகள் நீளவாட்டில் ஓடும். அடியில் மட்டும் குறுக்குவாட்டில் ஒன்றை ஒன்று ஒட்டி அடிக்க வேண்டும். மரத்தை அதிகம் வளைக்க வேண்டியதில்லை, அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

வரைபடத்தோடு ஓர் அளவுப் பட்டியல் வரும். அதை வைத்து முழு அளவில் தரையில் வரைந்துகொண்ட பிறகுதான் மரத்தில் கை வைக்க வேண்டும். எங்கள் மொட்டை மாடியில் பகலில் கால் வைக்க முடியாது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் ட்யூப் லைட்டைக் கட்டி, கொத்தனார் நூல் பிடித்து, சாக்பீஸில் வரைந்தேன். பட்டியலில் 1-4-6 என்று போட்டிருந்தது. ஓரடி, 4.6 அங்குலம் என்று எடுத்துக்கொண்டேன். கடைசி எண் அரைக்கால் அங்குலக் கணக்கு என்பது எனக்குத் தெரியவில்லை. ஓரடி, நாலு அங்குலம், ஆறு அரைக்கால், அதாவது ஓரடி நாலே முக்கால் அங்குலம். வித்தியாசம் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர்தான். ஆனால் கடைசி எண் 1 என்றால் தப்பு முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் போகாது, 7 என்றால் நாலுக்கும் மேலே. கோடு முழுக்க ஒரே மாதிரி தப்பாக இருந்தால் பரவாயில்லை, இது ஓர் இடத்தில் மேடும் இன்னோர் இடத்தில் பள்ளமுமாக ஆகிவிட்டது.

கண்டுபிடித்தவர் எங்கள் தெரு ஆசாரி. படகு கட்டியவர் இல்லை, கதவு ஜன்னல் செய்கிறவர். கணு இல்லாத நீளமான ரீப்பர் ஒன்றைப் புள்ளிகளின் மேல் வளைத்து வைத்துவிட்டு, தரையோடு தலையைச் சாய்த்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "சார், இந்த எடத்துல வயிறு தள்ளுது பாருங்க" என்றார். வேறு எதுவும் அளக்கவில்லை. மறுபடி பட்டியலைப் படித்துப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அவர் அன்று வராமல் இருந்திருந்தால் மூன்று வங்கையும் தப்பாகவே அறுத்திருப்பேன்.

மரம் பெரும்பாலும் பழைய வீடு இடித்த தேக்கு. நன்றாகக் காய்ந்தது, ஆனால் பக்கத்துக்கு வேண்டிய அகலத்தில் ஒரே பலகை கிடைக்கவில்லை. இரண்டு பலகைகளை முக்கால் அங்குலம் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிச் சேர்த்தோம். செம்பு ஆணியும் சேலத்தில் எங்களுக்குக் கிடைக்கவில்லை. கனமான செம்புக் கம்பி வாங்கி, துண்டு துண்டாக வெட்டி, இரண்டு பக்கமும் வாஷர் போட்டு, தலையைத் தட்டி ரிவிட் ஆக்கினோம். இரும்பு ஆணி மட்டும் வேண்டாம். அது துருப்பிடிக்கும்போது சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். அடிப்பலகை இடுக்குகளில் திணிக்கப் பருத்தி நூல் வேண்டுமே என்று யோசிக்கவே இல்லை, எங்கள் தெருவிலேயே தறி ஓடுகிறது. கழிவு நூலைத் திரியாக முறுக்கி இடுக்கில் அறைந்து, குங்கிலியப் பொடியை எண்ணெயில் காய்ச்சி மேலே பூசினோம். கடலோரத்தில் இந்த வேலைக்குக் கலப்பத்து என்று பெயர்.

இவ்வளவும் செய்து ஏன் ஒழுகியது? அடிப்பலகை அடித்தது தை மாதம், ஆற்றில் இறக்கியது சித்திரை. இடையில் மூன்று மாதச் சேலம் வெயில். மரம் நீளவாட்டில் சுருங்குவது மிகக் குறைவு, அகலவாட்டில்தான் சுருங்கும். எங்கள் படகில் ஆறு அங்குலப் பலகைகள் 24 வரிசையாக நிற்கின்றன. நூற்றுக்கு ஒன்று சுருங்கினாலே ஒவ்வோர் இடுக்கும் ஒன்றரை மில்லிமீட்டர் திறக்கும். அப்படி 23 இடத்தில்!

பெரியவர் படகுக்குள் இறங்கி, குனிந்து பலகையைத் தடவிப் பார்த்தார். "தம்பி, மரம் காஞ்சு கெடக்குது, வேற ஒண்ணுமில்ல. ரெண்டு நாளு தண்ணிக்குள்ளயே கெடக்கட்டும். அதுவா மூடிக்கும்" என்றார். கதவணை இருப்பதால் அங்கே காவிரி ஏரி மாதிரி அசையாமல் நிற்கும். கரையோரமாகக் கயிறு கட்டி, படகு நிறையத் தண்ணீர் விட்டு அப்படியே மூழ்கவிட்டோம். இரண்டு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. மூன்றாம் நாள் இறைத்துவிட்டு மகளை ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் துடுப்புப் போட்டேன். ஒரு டம்ளர் தண்ணீர்கூட உள்ளே வரவில்லை.

வேறு யாராவது நம் பக்கம் கட்டியிருந்தால் சொல்லுங்கள்.

ஏற்காடு

நான் கட்டியது 10 அடி, எங்கள் தோட்டத்துக் குட்டைக்கு. காபிக்கு நிழல் கொடுக்கும் சில்வர் ஓக் இங்கே எங்கே பார்த்தாலும் நிற்கிறது. கையில் இருக்கும் மரம்தானே என்று அதையே அறுத்துப் போட்டேன். இழைத்தால் அதன் வரிகள் அவ்வளவு அழகு. இரண்டு மழைக்காலம்தான் தாங்கியது. வங்கின் நுனிகள் விரல் வைத்தால் உள்ளே போகிற அளவுக்கு இற்றுவிட்டன.

அப்புறம்தான் தெரிந்தது, படகை அழுக வைப்பது வெளியே இருக்கிற குட்டைத் தண்ணீரைவிட உள்ளே தேங்குகிற மழைத் தண்ணீர்தான். எங்கள் ஊர் 1,500 மீட்டர் உயரம், மூடுபனி நாட்களில் துணியே காயாது. வங்குக்கும் அடிப்பலகைக்கும் நடுவில் தண்ணீர் ஓட வழி விடாமல் ஒட்ட அடித்திருந்தேன், அங்கேதான் ஆரம்பித்தது. இப்போது ஒவ்வொரு வங்கின் அடியிலும் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விட்டிருக்கிறேன். குட்டையிலிருந்து எடுத்தால் கவிழ்த்துத்தான் வைக்கிறேன், அதுவும் தரையில் படாமல் இரண்டு கட்டை மேல்.

அடிப்பலகையை இரண்டாவது முறை மெரைன் பிளைவுட்டில் போட்டேன். கடையில் ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். அந்தத் தரத்துக்கு 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிக்கிறார்கள். பலகை மாதிரி சுருங்கி விரியாது, ஆனால் வெட்டிய ஓரங்களுக்கு எபாக்சிப் பிசின் பூசாமல் விட்டால் அது வழியாகவே கெடும். அம்மாப்பேட்டை அண்ணா மாதிரி பலகையிலேயே செய்திருந்தால் மனசுக்கு இன்னும் நிறைவாக இருந்திருக்கும், அது உண்மை.

கொளத்தூர், மேட்டூர் அணைப் பக்கம்

எங்கள் தாத்தா பண்ணவாடித் துறையில் பரிசல் போட்டவர். மூங்கிலைப் பிளந்து, ஊறவைத்து, தரையிலேயே பின்னி எழுப்புவார். வரைபடம் கிடையாது, முழம்தான் கணக்கு. அந்தக் காலத்தில் அடியில் தோல் கட்டினார்கள். நான் பார்க்கும்போது பிளாஸ்டிக் சாக்கும் தாரும் வந்துவிட்டது. தார் பூசும் நாளில் எங்களைப் பக்கத்திலேயே விடமாட்டார். தொட்டிலில் கிடந்ததைவிட நான் பரிசலில் கிடந்ததுதான் அதிகம் என்று அம்மா சொல்வார்.

போன வருடம் நண்பர் ஒருவர் இதே மாதிரி தட்டையடிப் படகை இங்கே கொண்டுவந்தார். அதில் ஏறிப் பார்த்தேன். நேராகப் போவதில் பரிசல் கிட்டேகூட வராது. பரிசலைத் துடுப்பால் முன்னாலிருந்து இழுத்துக்கொண்டே போக வேண்டும், கொஞ்சம் விட்டால் சுற்றும். ஆனால் ஆடிக் காற்று அடித்த அன்று அணை நடுவில் பயந்துவிட்டோம். 1934இல் கட்டிய அணை, நிரம்பினால் 120 அடி. அப்போது கடல் மாதிரிதான் இருக்கும், அலையும் எழும்பும். படகில் இரண்டே பேர், கனமும் இல்லை. பக்கப்பலகை முழுக்கக் காற்றைப் பிடித்து எங்களை ஓரமாகத் தள்ளிக்கொண்டே போனது. படகின் நடுவில் நண்பர் மணல் மூட்டை இரண்டு போட்ட பிறகுதான் அடுத்த முறை படகு சொன்னபடி கேட்டது. அதைக் கட்டிவைக்க மறக்க வேண்டாம், உருண்டால் ஆபத்து. லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறவே ஏறாதீர்கள், நீச்சல் தெரிந்தாலும்.

இன்னொன்று: இங்கே துறை ஓர் இடத்தில் நிற்காது. தண்ணீர் வற்ற வற்றக் கரை கீழே போய்க்கொண்டே இருக்கும். பழைய கோவில் நந்தியும் சர்ச் கோபுரமும் வெளியே தெரிகிற மாதங்களில் வண்டியிலிருந்து தண்ணீர் வரைக்கும் சேற்றில் ரொம்ப தூரம் சுமக்க வேண்டியிருக்கும். தூக்க நாலு பேர் இருக்கிறார்களா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாப்பேட்டை, சேலம்

மணல் மூட்டை விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, ரொம்ப நன்றி தம்பி. ஏற்காட்டுக்காரர் சொன்ன ஓட்டையையும் நேற்றே ஆசாரியை வைத்துப் போட்டுவிட்டேன். உங்கள் குட்டைக்கு ஒரு நாள் படகைக் கொண்டுவர ஆசைதான், இருபது கொண்டை ஊசி வளைவிலும் 12 அடியை ஏற்றிக்கொண்டு வர முடியுமா என்று பார்க்க வேண்டும்.

துடுப்பின் நீளத்தைத் தனியாகக் கேட்டவருக்கு: படகின் அகலத்தைப் போல் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக வைத்தோம். 4 அடிக்கு ஏழரை அடி. முதல் ஜோடியை ஆறடியில் செய்து, கை வலித்ததுதான் மிச்சம். புது ஜோடியில் ஒன்று முடிந்துவிட்டது. இன்னொன்றை மகள் இழைத்துக்கொண்டிருக்கிறாள், இழைப்புளியை யாரிடமும் கொடுக்கமாட்டேன் என்கிறாள்.