கரையைக் கல் போட்டுக் கட்டிவிட்டு, பக்கத்து மடுக்களை மீட்க முடியுமா?

நாணல்:
ஆற்றின் கரையைக் கட்டி ஓட்டத்தை ஒரே தடத்தில் நிறுத்துவது, அதையொட்டிய தேங்குநீர் மடுக்களைத் தூர்வாரி உயிர்ப்பிப்பது. இந்த இரண்டையும் ஒரே திட்டமாகப் போடுகிறார்கள். முதல் வேலையே இரண்டாவதைக் கெடுத்துவிடும் என்பதுதான் என் வாதம். ஜெர்மனியின் மேல் ரைன் ஆற்றைப் பாருங்கள். துல்லா என்ற பொறியாளரின் திட்டப்படி 1817-ல் வளைவுகளை வெட்டத் தொடங்கினார்கள். ஆற்றின் நீளம் சுமார் 80 கி.மீ. குறைந்தது. ஓட்டம் வேகமெடுத்தது. கட்டிய கரையை அரிக்க முடியாத தண்ணீர் அடியைத் தோண்டியது. படுகை இறங்கியதும் நிலத்தடி நீரும் கூடவே இறங்கி, பக்கக் கிளைகள் உயரத்தில் வறண்டு கிடந்தன.

கரைக்கல்:
நாணல் சார், நேராக்குவது வேறு, நிலைப்படுத்துவது வேறு. ரைனில் நடந்தது முதலாவது. இருக்கிற வளைவை இருக்கிறபடியே காப்பாற்றுவதைத்தான் நான் சொல்கிறேன். கரை பெரும்பாலும் அடிக்கால், அதாவது தண்ணீரை ஒட்டிய அடிப்பாகம், அரித்துப் போவதால்தான் விழுகிறது. வெள்ளம் வடியும்போது தண்ணீர் குடித்துக் கனத்த மண்ணை எதிரிலிருந்து தாங்கிய ஆற்றுநீர் இல்லாமல் போய், சரிகிறது. அதனால் அடிக்காலில் மட்டும் கல், மேலே வேர் பிடிக்கும் செடி என்றால் போதும். அப்புறம், சரிந்த மண்ணில் ஒரு பகுதி கீழே இருக்கிற மடுக்களில்தானே போய்ப் படிகிறது? கரையை நிறுத்தாமல் மடுவைத் தூர்வாரினால் மறுபடியும் தூர்ந்துதான் போகும். பாலமும் ஊரும் இருக்கிற இடத்தில் ஆறு இஷ்டப்படி நகரட்டும் என்று விடவும் முடியாது.

நாணல்:
ஊர் இருக்கிற இடத்தில் கட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன். ஊரே இல்லாத நீளத்திலும் கட்டுவதைத்தான் எதிர்க்கிறேன். ஆறு நகர்ந்தால்தான் புது மடு பிறக்கும். பழைய வளைவு அறுந்து தனியாக நிற்பதுதான் மடுவாகிறது. ஆற்றைப் பூட்டிவிட்டால் இருக்கிற மடுக்கள் ஒவ்வொன்றாய் மூப்படைந்து தரையாகிவிடும், ஈடுசெய்ய ஒன்றும் வராது.

ஃபுளோரிடாவின் கிஸ்ஸிம்மி ஆற்றை 1962 முதல் 1971 வரை வெட்டி, 166 கி.மீ. வளைந்து போனதை 90 கி.மீ. கால்வாயாக்கினார்கள். ஈரநிலம் போனது, பறவைகள் போயின. 1999-ல் அதே கால்வாயின் ஒரு பகுதியை மண் போட்டு மூட ஆரம்பித்து 2021-ல் முடித்தார்கள். பழைய வளைவுகளில் தண்ணீர் திரும்பியதும் பறவைகளும் திரும்பின.

கரைக்கல்:
கிஸ்ஸிம்மியில் அதற்கு முன்பு வெள்ளச் சமவெளி நிலத்தை விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. கால்வாயின் மற்ற பகுதிகள் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. நிலம் கைக்கு வராத இடத்தில் என்ன செய்வது?

துடுப்பு:
நீங்கள் இருவரும் கரையைப் பற்றியே பேசுகிறீர்கள். மடு ஆற்றோடு சேரும் இடமான அதன் வாயை யாரும் கவனிக்கவில்லை. மேல்முனையைத் திறந்து ஆற்றைப் பாயவிட்டால் மடு பிழைத்துவிடும் என்று நினைப்பது தவறு. ஓட்டத்தோடு வண்டலும் உள்ளே வரும்.

குளிர் நாடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்காவின் மேல் மிசிசிப்பி ஆற்றில் பனிக்காலத்தில் முதன்மைத் தடத்தின் தண்ணீர் 0 டிகிரியை ஒட்டி இருக்கும். அசையாத மடுவின் அடியில் சில டிகிரி கூடுதல் வெப்பம். புளூகில் போன்ற மீன்கள் ஓட்டத்தை எதிர்த்து நீந்தத் தெம்பில்லாமல் அங்கேதான் ஒதுங்கும். வாயை அகலத் திறந்தால் அந்த ஒதுக்கிடம் போச்சு. முழுக்க அடைத்தாலோ, பனிக்கட்டிமேல் வெண்பனி மூடி வெளிச்சம் இறங்காது. செடிகள் அழுகும், கரைந்த ஆக்சிஜன் தீரும், மீன் கும்பலாய்ச் செத்து மிதக்கும். மதகு வைத்த சிறு குழாய் வழியே கொஞ்சம் கொஞ்சமாய் நீர் விடுவதுதான் வழி. ஆழமான குழிகளும் வேண்டும்.

நாணல்:
துடுப்பு சொன்ன மிசிசிப்பியே என் கட்சிக்குச் சாட்சி. 9 அடி ஆழக் கப்பல் தடத்துக்காக 1930-களில் வரிசையாக அணைகள் கட்டினார்கள். முதலில் மடுக்கள் பெருகின. ஆனால் நீர்மட்டம் ஒரே அளவில் நின்றதால் கோடையில் அடிச்சேறு காயவே இல்லை. காற்றும் படகும் கலக்கிக்கொண்டே இருக்க, நீர்ச்செடிகள் மடிந்தன. தீவுகள் அலையில் கரைந்தன. 2001, 2002 கோடைகளில் அந்த வரிசையின் எட்டாம் அணை தேக்கிவைத்த நீரின் மட்டத்தைச் சுமார் ஒன்றரை அடி இறக்கினார்கள். சேறு வெளியே தெரிந்து காய்ந்து இறுகியது. அதிலிருந்த விதைகள் முளைத்துச் செடிகள் பரவின. தூர்வாரும் இயந்திரம் தராததை வற்றுதல் தந்தது.

கரைக்கல்:
அதைச் செய்தபோதும் அந்தக் கப்பல் தடம் மூடப்படவில்லையே! அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வியன்னாவுக்குக் கிழக்கே டான்யூபிலும் கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போதே சில இடங்களில் கரைக்கல்லைப் பிடுங்கியிருக்கிறார்கள், பக்கக் கிளைகளை மறுபடி இணைத்திருக்கிறார்கள். படுகை இறங்காமலிருக்கச் சரளைக்கல்லும் கொட்டுகிறார்கள். தடத்தை வைத்துக்கொண்டே இதெல்லாம் நடக்கிறது.

நாணல்:
சரி, கரைக்கல்லைப் பிடுங்கினார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் புதுத் திட்டத்தில் ஊரில்லாத நீளத்துக்கு முதலிலேயே எதற்குக் கல்?

துடுப்பு:
கல் வைப்பதற்கு முன் படுகையின் மட்டத்தை அளந்து, ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் அதே இடத்தில் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அடி இறங்குகிறதென்றால் நாணல் சொல்வது நடக்கிறது. மடுவின் தரை ஏறுகிறதென்றால் வாயைச் சுருக்க வேண்டும், மேலே எந்தக் கரை சரிகிறதென்றும் தேட வேண்டும். இப்போதைய திட்டங்களில் பல, தூர்வாரிய நாளோடு அளவையை நிறுத்திவிடுகின்றன.